பழைய கல்யாணக் கேசட்டை விசிடி, டிவிடி ஆக்கினால் படம் ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது?

வீடியோ கேசட்டில் இருப்பது காந்தப் பூச்சுள்ள நாடா. அதிலுள்ள காட்சியை எண்களாக மாற்றி, சுருக்கி, வட்டில் பதிகிறார்கள்.

சுருக்காமல் பதிய முடியாதா? நம் ஊர் டிவி முறையில் நொடிக்கு 25 படங்கள். அப்படியே எண்ணாக்கினால் நொடிக்குச் சுமார் 20 எம்பி ஆகும். 4.7 ஜிபி டிவிடியில் நான்கு நிமிடம்கூட அடங்காது.

அதனால் ஒவ்வொரு படத்தையும் முழுசாக எழுதுவதில்லை. மளிகைக் கணக்கு நோட்டில் அதே விவரம் திரும்ப வந்தால் 'மேற்படி' என்று போடுவார்களே, அதே வேலைதான். மணமேடைத் திரை அசையவில்லையா? மேற்படி. தாலி கட்டும் கை மட்டும் புதிதாக எழுதப்படும்.

பழைய நாடா இங்கேதான் தொல்லை கொடுக்கிறது. பூஞ்சை பிடித்து, தேய்ந்துபோன நாடாவில் படம் முழுக்கப் புள்ளிகள் துடிக்கும். அவையும் மாற்றம் என்றே கணக்காகி இடத்தைத் தின்றுவிட, முகங்கள் கட்டங்களாக உடைகின்றன. விசிடியில் இது இன்னும் மோசம்: ஒரு படத்துக்கு 352×288 படப்புள்ளிகள்தான் (பிக்சல்). டிவிடியில் 720×576.

ஆகவே டிவிடியே கேளுங்கள். ஒரு வட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திணிக்க விடாதீர்கள். ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி வாங்குங்கள். தள்ளிப்போட வேண்டாம்: கேசட்டை ஓட்டும் கருவியான விசிஆரைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய்கூட 2016இல் நிறுத்திவிட்டது.

டிவிடி ஆக்கினால் படம் பளிச்சென்று ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நாடாவில் இல்லாத தெளிவு வட்டில் வராது, இருப்பது மேலும் கெடாமல் நிற்கும், அவ்வளவுதான்.