800 ஓடுபவர் 1500-ஐ எத்தனை நிமிடத்தில் முடிப்பார்?

கேள்வி: 800 மீட்டரை 2 நிமிடம் 2 விநாடியில் ஓடுகிறேன். 1500-ஐ 3:57-இல் முடிப்பேன் என்று செல்பேசிச் செயலி சொல்கிறது. மைதானத்திலோ 4:15-க்குக் கீழே இறங்க முடியவில்லை. தப்பு யாருடையது? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: முதல் தப்பு செயலியுடையது. இத்தகைய செயலிகள் பலவும் பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் வெளியிட்ட சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. தூரம் எத்தனை மடங்கோ அதை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும். ஆனால் ஏறத்தாழ மூன்றரை நிமிடத்துக்கு மேல் நீளும் ஓட்டங்களுக்கே அது பொருந்தும். இரண்டு நிமிடத்தில் முடிகிற 800 அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது.

கோழிக்கோட்டுக்காரர் ஜின்சன் ஜான்சனை வைத்துச் சோதித்துப் பாருங்கள். 2018-இல் குவாஹாட்டியில் 800-ஐ 1:45.65-இல் ஓடினார். சூத்திரத்தில் போட்டால் 1500-க்கு 3:25.71 வருகிறது. 1998-இல் ரோமில் மொராக்கோவின் எல் கெரூஜ் வைத்த உலக சாதனையே 3:26.00தான்! ஜான்சன் 2019-இல் பெர்லினில் உண்மையில் ஓடியது 3:35.24. 800-இல் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் உதவியில்லாமல் கிடைக்கிறது. 1500-இல் அது ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அந்தக் கையிருப்பு வேகத்தை நம்பி ஓடுகிறவர் மூன்றாம் சுற்றில் அகப்பட்டுக்கொள்வார்.

என் கைக்கணக்கு எளிது: 800 நேரத்தை இரட்டிப்பாக்கி, நான்கிலிருந்து எட்டு விநாடி கூட்டுவேன். ஜான்சனுக்கு நான்கு. உங்களுக்கு 4:08 முதல் 4:12 வரை வர வேண்டும். 4:15 என்றால் வேகம் இருக்கிறது, தாக்குப்பிடிக்கும் திறன் கொஞ்சம் குறைகிறது. நார்வேயின் யாகோப் இங்கெப்ரிக்ட்சன் இதற்கு நேர் எதிர். 800-இல் 1:46.44 ஓடியவர், 1500-இல் 3:26.73, இரட்டிப்பைவிட ஆறு விநாடி குறைவு! 5000 மீட்டர் ஓடி உரமேறிய கால்கள் அவை. வாரம் ஒரு நாள் நீண்ட, நிதானமான ஓட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து எழுதுங்கள்.

கேள்வி: மகளுக்கு 13 வயது, 800-இல் 2:40. பதினெட்டு வயதில் 1500-இல் எவ்வளவு வரும்? (ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: இந்த மாதம் ஓடினால் 5:28 பக்கம் வரலாம். ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருவதைச் சொல்லச் சூத்திரம் கிடையாது. தயவுசெய்து தேடவும் வேண்டாம்.

கேள்வி: ராணுவத் தேர்வுக்காக 1.6 கி.மீ. ஓடிப் பழகினேன், 6:50 ஆகிறது. காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். தேறுவேனா? (சிவகங்கை)

பதில்: ரீகல் சூத்திரப்படி 6:23. ஆனால் அந்த 1.6-ஐ அளந்தது யார்? செல்பேசி காட்டும் 1.6 உண்மையில் ஒன்றரை கிலோமீட்டராக இருந்தால், உங்கள் 6:50தான் 1500 நேரம். அப்போது கையில் இருப்பது பத்தே விநாடி.

இதில் நான் சூடுபட்டவன். ஒரு கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட ‘400 மீட்டர்’ சுற்றில் நான் பயிற்சி தந்த பையன்கள் ஒரு பருவம் முழுக்கப் பிரமாதமாக ஓடினார்கள். மாவட்டப் போட்டியில் ஒருவர் விடாமல் எல்லோரும் பல விநாடி பின்தங்கினார்கள். திரும்பி வந்து 50 மீட்டர் நாடாவை இழுத்துப் பார்த்தேன்: 388. சுற்றுக்குப் பன்னிரண்டு மீட்டரை நாங்கள் ஓடவே இல்லை.

இன்னொன்று. தேர்வில் கூட்டமாக ஓடவிட்டால், வளைவுகளில் இரண்டாம் தடத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு வளைவுக்கு ஏறத்தாழ நான்கு மீட்டர் கூடுதல்; 1500-இல் ஏழு வளைவு. உங்கள் வேகத்தில் அதுவே ஏழு விநாடியை விழுங்கும்.

கேள்வி: உலகத் தடகளப் புள்ளிப்பட்டியலில் என் 800-க்குச் சமமான புள்ளி தரும் 1500 நேரத்தை இலக்காக வைக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு பிரிவுகளில் எந்தச் சாதனை கனமானது என்று ஒப்பிடவே அந்தப் பட்டியல் இருக்கிறது. அதே பட்டியலில் குண்டு எறிதலும் உண்டு. 800-க்குச் சமமான புள்ளி இருப்பதால் நீங்கள் அவ்வளவு தூரம் குண்டு எறிந்துவிட முடியுமா?

கேள்வி: 1500 நேரத்திலிருந்து மைல் நேரத்தைக் கணிப்பது எப்படி?

பதில்: இரண்டும் பக்கத்து வீட்டுத் தூரங்கள் என்பதால் கணிப்பு நன்றாகவே பொருந்தும். விநாடிகளாக்கி 1.08-ஆல் பெருக்குங்கள். கென்யாவின் ஃபெய்த் கிப்யேகான் 2023 ஜூனில் ஃப்ளாரன்ஸில் 1500-ஐ 3:49.11-இல் முடித்தார். பெருக்கினால் 4:07.44. அடுத்த மாதம் மொனாக்கோவில் மைலை ஓடியது 4:07.64!

நீங்களே ஓடிப் பார்ப்பதானால், மைல் என்பது நான்கு சுற்றும் 9.34 மீட்டரும். தொடக்கக் கோட்டை முடிவுக் கோட்டுக்கு அவ்வளவு பின்னால், நாடா வைத்துப் போடுங்கள்.