மதுரையில் ஒரு பகல், ஓர் இரவு: எந்தக் கடைத்தெருவுக்கு எப்போது போகலாம்?

கோயில் தரிசனம் போக ஒரு பகலும் ஓர் இரவும் கையில் இருந்தால் மதுரையில் எங்கெங்கே கடை பார்க்கலாம், இரவில் பொழுதைக் கழிக்க இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தெற்கு மாசி வீதிப் பக்கம் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்திருப்பதால் பெரும்பாலான கடைத்தெருக்கள் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. எதற்கு எந்த நேரத்தில் போவது என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்விடுங்கள். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பறித்த மொட்டுகள் சாக்குச் சாக்காக வந்து இறங்கும். 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இங்கே கிலோக் கணக்கில் கைமாறும். முகூர்த்த நாளுக்கு முந்தைய தினம் விலை எகிறும். மார்கழிப் பனியில் வரத்து குறைந்துவிட்டால் வாங்க வந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டு அரளிக்கும் சம்பங்கிக்கும் திரும்பிவிடுவதைப் பார்க்கலாம். ஊருக்கு எடுத்துப்போவதாக இருந்தால் இறுகிய மொட்டாகப் பார்த்து வாங்கி, வாழையிலையில் சுற்றிக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய பிறகு போனால் வாடிய மிச்சம்தான் கிடைக்கும்.

துணிக்கு விளக்குத்தூணும் பத்துத்தூண் சந்தும் போதும். திருமலை நாயக்கர் அரண்மனையின் எஞ்சிய பகுதியான பத்துப் பெரிய தூண்கள், ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, அண்ணாந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி நிற்கின்றன. கூட்டம் குறைவாக இருக்கும் முற்பகலில் போனால் கடைக்காரர்கள் பொறுமையாக எடுத்துப் போடுவார்கள். இங்கே கேட்க வேண்டியது சுங்குடிச் சேலை. சௌராஷ்டிரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இந்தச் சேலைக்கு 2005ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டாலும், கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி மெழுகு அச்சிலோ திரை அச்சிலோ புள்ளி வைத்ததுதான். துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்த சேலையில் புள்ளிகள் சிறு வளையம்போல ஒன்றுக்கொன்று சற்று மாறுபட்டிருக்கும். விரலால் தடவினால் முடிச்சு இருந்த இடம் சுருக்கமாகத் தட்டுப்படும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வழவழவென்று இருந்தால் அது அச்சு. அச்சுச் சேலையும் அன்றாடம் உடுத்த நன்றாகவே உழைக்கும்; அதற்கு முடிச்சுச் சேலையின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய பயணக் குறிப்புகளில் புது மண்டபத்துத் தையல்காரர்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய அந்த மண்டபத்தில் தையல் இயந்திரங்களும் பாத்திரக் கடைகளும் வளையல் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த காலம் முடிந்துவிட்டது. 2018 பிப்ரவரியில் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. புது மண்டபத்துக் கடைகளும் பின்னர் குன்னத்தூர் சத்திரத்தில் எழுந்த புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டன. மண்டபத்துக்கு அது நல்லதுதான் என்றாலும், சிற்பத் தூணில் சாய்ந்தபடி அளவு கொடுத்த சுகம் அங்கே வராது. நகைக்குத் தெற்கு ஆவணி மூல வீதி, மளிகைக்குக் கீழ மாசி வீதி. பயணிக்கு இவ்விரண்டையும் நடந்து கடந்தாலே போதும். கொலு பொம்மையில் ஆசை உள்ளவர்கள் திருப்பரங்குன்றத்துக்கு அருகே உள்ள விளாச்சேரிக்கு ஒரு நடை போய்வரலாம்.

இரவைப் பொறுத்தவரை, தூங்கா நகரம் என்ற பெயரை நம்பி நள்ளிரவில் துணி எடுக்கக் கிளம்பாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய இரவு தவிர மற்ற நாட்களில் ஜவுளிக் கடைகளின் ஷட்டர் பத்து மணிக்குள் இறங்கிவிடும். அந்த ஓர் இரவில் மட்டும் மாசி வீதிகளில் நடைபாதைக் கடைகள் விடிய விடிய நடக்கும். நேரம் ஆக ஆக விலையும் இறங்கும். மற்ற நாட்களில் மதுரையின் இரவு என்பது சாப்பாடுதான். பெருநகரங்களில் இருப்பதுபோன்ற நடன விடுதிகளைத் தேடி வருபவருக்கு இந்த ஊர் ஏமாற்றமாகவே இருக்கும். அந்தி சாயும்போது தள்ளுவண்டியில் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்த பருத்திப்பால் குடித்துவிட்டு, வாகனங்கள் வராத சித்திரை வீதிகளில் கோபுரங்களைப் பார்த்தபடி ஒரு சுற்று நடங்கள். பிறகு விளக்குத்தூண் அருகே பாதாம் பிசினும் நன்னாரியும் சுண்டக் காய்ச்சிய பாலும் சேர்ந்த ஜிகர்தண்டா. அசைவம் சாப்பிடுபவர் என்றால் சிம்மக்கல் பக்கம் கறிதோசையை விடாதீர்கள்: கல்லில் தடிமனாக ஊற்றிய தோசைமேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி என்று அடுக்கித் திருப்பிப் போட்டு எடுப்பார்கள். ஒன்று சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். இரண்டாவதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டாம்.

இரவுப் பேருந்தில் திரும்புவதாக இருந்தால், கோவை, தேனி, திண்டுக்கல் பக்கம் போகிறவர்கள் ஆரப்பாளையத்துக்கும், சென்னை, திருச்சி, திருநெல்வேலி போகிறவர்கள் மாட்டுத்தாவணிக்கும் செல்ல வேண்டும். ஆட்டோவில் ஏறுமுன் நிலையத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லி, வாடகையையும் பேசிவிடுங்கள்.