எஸ்டேட் டவுன்ல இருந்து சினிமா ஒளிப்பதிவாளர் ஆக எந்த கேமரா வாங்கணும்?

"எஸ்பிஎம் (அஞ்சாம் பாரம் பரீட்சை) முடிச்சிட்டு மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கேன், ஒளிப்பதிவாளர் ஆகணும், வீட்டுல பணம் தராங்க, எந்த கேமரா வாங்கலாம்"னு கேட்டிருக்கீங்க. இப்போதைக்கு வாங்காதீங்க தம்பி (தங்கச்சியா இருந்தா கோவிச்சுக்காதீங்க).

நானும் அந்தப் பக்கம்தான். அம்மா செம்பனைத் தோட்டத்துல உரம் போட்டவங்க, கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) எடுத்து கேமரா வாங்கித் தந்தாங்க. கல்யாணம், காதுகுத்து, தைப்பூசம்னு 4 வருஷம் ஓட்டுனேன், எல்லாம் தெரியும்னு ஒரு நெனப்பு. அப்போ கூட்டாளி ஒருத்தன் டிவி நாடகத்துக்கு கூப்பிட்டான். தோட்டத்து மண்டபம், எல்லாம் சோக்கு வெச்ச பழைய டியூப் லைட்டு. செகண்டுக்கு 24 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்குற நேரம்) 1/60 செகண்டு, கை பழக்கத்துல வெச்சுட்டேன், குட்டி ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியல. எடிட்டிங்ல போட்டுப் பாத்தா அழுதுகிட்டு இருக்குற அம்மா வேஷக்காரங்க மூஞ்சி மேல கருப்பு பட்டை ஒண்ணு ஏறிப் போவுது! நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த லைட்டு செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், அதனால ரெண்டு மங்கல் முழுசா அடங்குற மாதிரி 1/50 வெச்சிருக்கணும், ஷட்டர் ஆங்கிள் கணக்குல (அதே நேரத்த டிகிரில சொல்றது) 172.8. ஒரு நாள் ஷூட்டிங் போச்சு, என் சம்பளமும் போச்சு. இது கூட தெரியாம கேமரா தூக்குனியான்னு கீழ கமெண்ட்ல வந்து கேப்பீங்க, கேளுங்க, தெரியாமதான் தூக்குனேன்.

அப்புறம் ஒரு சீனியர் ஒளிப்பதிவாளர்கிட்ட 3 வருஷம் அசிஸ்டன்ட். லென்ஸ் தொடச்சு, பேட்டரி சார்ஜ் போட்டு, டேப்பு புடிச்சு தூரம் அளந்து போகஸ் இழுத்து, லைட்ட பாக்கவே அங்கதான் பழகுனேன். கே.வி.ஆனந்த் கூட பத்திரிகைக்கு போட்டோ எடுத்துகிட்டு இருந்தவரு, பி.சி.ஸ்ரீராம்கிட்ட அசிஸ்டன்டா இருந்துட்டுதான் தனியா வந்தாரு, முதல் படத்துக்கே தேசிய விருது. எஸ்டேட்ல பொறந்தா ஆவுமான்னு யோசிக்காதீங்க, பாலு மகேந்திரா மட்டக்களப்பு பக்கத்துலேர்ந்து புனே திரைப்படக் கல்லூரிக்கு போயி படிச்சவருதான். படிக்கணும்னா நமக்கு கேஎல்லயே (கோலாலம்பூர்) அஸ்வாரான்னு கலைக் கல்லூரி இருக்கு, விசாரிங்க. அந்தப் பணத்த அதுக்கு வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, எவ்ளோ நாடகம் எடுத்தாலும் சொந்தக்காரங்களுக்கு நாம போட்டோக்காரன்தான். போன மாசம் மாமா மவ கல்யாணம், "நம்ம பையன்தானே"ன்னு 300 வெள்ளி (ரிங்கிட்) குடுத்தாங்க, விடிய காலைல 5 மணிலேர்ந்து நின்னுகிட்டே இருக்கேன், சாப்புட்டியான்னு ஒருத்தரும் கேக்கல. 3 மணிக்கு பந்திக்கு போனா ரசமும் அப்பளமும்தான் மிச்சம். அப்பளமும் நமுத்துப் போச்சு.