1988 ஃபோர்டு எஃப்-150 சூடானதும் இழுக்காமல் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது: எங்கே பார்ப்பது?

சூட்டில் வந்து ஆறியதும் மறையும் கோளாறு என்றால், என் முதல் சந்தேகம் ஸ்பார்க் வரவைக்கும் மின்னணுப் பாகமான இக்னிஷன் மாட்யூல்தான். அந்தக் கால எஃப்-150-இல் அது டிஸ்ட்ரிபியூட்டரின் (ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் பாகம்) பக்கவாட்டிலேயே திருகப்பட்டிருக்கும். இன்ஜின் சூடு நேராக அதில் ஏறும். ஆனால் உடனே புதிது வாங்கிவிடாதீர்கள். ஸ்பார்க் டெஸ்டரும் ஃபியூயல் பிரஷர் கேஜும் வண்டியிலேயே இருக்கட்டும். நின்றுபோனதும், ஆறவிடாமல், ஸ்டார்ட்டரைச் சுற்றவைத்து ஸ்பார்க்கையும் பெட்ரோல் அழுத்தத்தையும் பாருங்கள். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டும், அதுதான் இதில் பெரிய தொல்லை.

ஸ்பார்க் இல்லையென்றால் மாட்யூல், அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அதன் சுழற்சியை உணரும் பிக்கப் சென்சார். ஸ்பார்க் நன்றாக இருந்து பெட்ரோல் அழுத்தம் விழுந்திருந்தால் பம்ப், ரிலே, ஃபில்டர் பக்கம் போங்கள். அப்புறம், மாட்யூலை மாற்றும்போது அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட்டைத் தடவ மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் புதியதும் சீக்கிரம் போய்விடும்.