போனில் எழுதிய குறிப்பு கம்ப்யூட்டரிலும் வருமா?

கேள்வி: அம்மாவை மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். டாக்டர் சொன்னது, மாத்திரை மாற்றம், அடுத்து வர வேண்டிய தேதி எல்லாம் போனோடு வந்த நோட்ஸில்தான் எழுதி வைத்திருந்தேன். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. புது போனில் போட்டோக்கள் வந்துவிட்டன, நம்பர்கள் வந்துவிட்டன, குறிப்புகள் மட்டும் வரவில்லை. ஆண்ட்ராய்டு போன், வேலை செய்யும் இடத்தில் விண்டோஸ் கம்ப்யூட்டர். இரண்டிலும் தெரிகிற மாதிரி எதை வைத்துக்கொள்ளலாம்? காசு கட்ட வேண்டுமா?
(வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: காசு கட்டத் தேவையில்லை. முதலில் ஒரு சின்ன நம்பிக்கை. பழைய போன் கம்பெனியின் பெயரில் எப்போதாவது கணக்குத் திறந்திருந்தால், அதில் நுழைந்து பாருங்கள். சிங்க் (போனில் எழுதுவது நெட் வழியாகக் கணக்கிலும் தானாக ஏறுவது) ‘ஆன்’ ஆகியிருந்தால் குறிப்புகள் அங்கே இருக்கும். இல்லையென்றால் அவை போனுக்குள் மட்டுமே இருந்தவை. உங்கள் போட்டோவும் நம்பர்களும் கூகுள் கணக்கில் ஏறியிருந்ததால் திரும்ப வந்தன. போனோடு வரும் நோட்ஸ் பல மாடல்களில் அந்தக் கணக்கோடு சேராது. அதற்கு அந்தக் கம்பெனியின் தனிக் கணக்கு வேண்டும். இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

நானும் இப்படி மாட்டியவன்தான். வீடு கட்டியபோது மணல் லோடு, கம்பி, சிமென்ட் கணக்கெல்லாம் போனில்தான் எழுதினேன். ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் போனை ரீசெட் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மேஸ்திரியின் சட்டைப்பையில் இருந்த சின்னக் கணக்கு நோட்டு மட்டும் பத்திரமாக இருந்தது. அவர் சொன்ன லோடு எண்ணிக்கைக்கே பணம் கொடுத்தேன், வேறு என்ன செய்ய?

சரி, உங்களுக்கு என் சிபாரிசு கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலி. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசரில் திறந்தால் போதும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் இது பெரிய வசதி. (நாலு பேர் உட்காரும் கம்ப்யூட்டர் என்றால் வேலை முடிந்ததும் மறக்காமல் சைன் அவுட் செய்யுங்கள்.) ‘அம்மா’ என்று ஒரு லேபிள். ஒவ்வொரு முறை போய் வந்ததற்கும் ஒரு குறிப்பு. மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அதிலேயே சேர்க்கலாம். இப்போது சாப்பிடும் மாத்திரைப் பட்டியலை மட்டும் தனிக் குறிப்பாக்கி, மேலே பின் செய்து வையுங்கள். டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் எழுந்து ஓடும்போது அது ஒன்றுதான் சட்டென்று தெரிய வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் ஒன்நோட்டும் இலவசம்தான். இலவசக் கணக்கில் 5 ஜிபி இடம் தருகிறார்கள். நோட்டு, அதற்குள் பிரிவு, பிரிவுக்குள் பக்கம் என்று பள்ளிக்கூட நோட்டு மாதிரி அடுக்கலாம். படிப்பவர்களுக்கு, பக்கம் பக்கமாக எழுதுபவர்களுக்கு அது நல்லது. உங்கள் வேலைக்கு அவ்வளவு பாரம் தேவையில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம். ‘மருந்து’ என்று தேடினால் ‘மருந்தை மாற்றினார்’ என்று எழுதிய குறிப்பு வராமல் போகலாம், ஏனென்றால் எழுத்தே மாறிவிட்டது. ‘மருந்’ என்று பாதியில் நிறுத்தித் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எழுதும்போதே முதல் வரியில் ‘மருந்து’, ‘தேதி’ என்று முழுச் சொல்லாகப் போட்டுவிடுங்கள்.

எந்தச் செயலியானாலும் நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், பத்து நிமிடம் ஆகாது. போனை ஃப்ளைட் மோடில் போட்டு ‘இலவம்பாடி கத்திரிக்காய் 1 கிலோ’ என்று எழுதுங்கள். கம்ப்யூட்டரில் அது வந்திருக்காது. ஃப்ளைட் மோடை எடுத்ததும் சில விநாடிகளில் வர வேண்டும். அடுத்து, மறுபடி போனில் நெட்டைத் துண்டித்து ‘1 கிலோ’வை ‘2 கிலோ’ ஆக்குங்கள். அதே நேரம் கம்ப்யூட்டரில் ‘அரை கிலோ’ என்று திருத்துங்கள். நெட்டைத் திரும்பக் கொடுத்தால் என்ன நடக்கிறது? சில செயலிகள் இரண்டையும் தனித்தனிப் பிரதியாக வைக்கும், சில ஒன்றை விழுங்கிவிடும். கத்திரிக்காயில் தெரிந்துகொள்வது நல்லது, மாத்திரை அளவில் வேண்டாம்.

அப்புறம், சிங்க் வேறு, பேக்கப் (தனியாக எடுத்து வைக்கும் பிரதி) வேறு. போனில் ஒரு குறிப்பைத் தவறுதலாக அழித்தால் கம்ப்யூட்டரிலும் அழியும், அதுதான் சிங்கின் வேலை. கீப்பில் அழித்தது 7 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், பிறகு போய்விடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நம் கணக்கில் இருப்பதைப் பிரதி எடுத்துத் தரும் கூகுள் டேக்அவுட் தளத்துக்குப் போய், கீப்பை மட்டும் டிக் செய்து, வரும் ஜிப் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். உள்ளே இருப்பவை சாதாரணப் பிரவுசரிலேயே திறக்கும்.

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம். எந்தப் பார்ட்டி எந்தக் கட்டம், எந்தக் கலர் கேட்டார் என்று பல வருடமாக எவர்நோட் செயலியில் எழுதி வருகிறேன். முந்நூறுக்கு மேல் இருக்கும். இப்போது புதிதாக ஒன்றுகூட எழுத விடாமல் பணம் கேட்கிறது. பழையதெல்லாம் போய்விடுமா?
(வாசகர், குடியாத்தம்)

பதில்: போகாது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டு என்று வரம்பு வைத்தார்கள். அதற்கு மேல் இருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம், வெளியே எடுக்கலாம். புதிதாகச் சேர்க்கத்தான் முடியாது.

பணம் கட்டினால் எழுதலாம்தான். ஆனால் உங்கள் தேவைக்கு வருடா வருடம் கட்டுவதை நான் சொல்லமாட்டேன். கம்ப்யூட்டரில் எவர்நோட்டை இன்ஸ்டால் செய்து, ஒவ்வொரு நோட்டாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள் (இது போனில் முடியாது). இஎன்இஎக்ஸ் என்ற வகைக் கோப்பாக வரும். ஜாப்ளின் என்ற இலவசச் செயலி அதை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும், சேர்த்திருந்த படங்களும் கூடவே வரும். ஜாப்ளினுக்கு சிங்க் செய்ய ட்ராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போல நெட்டில் கோப்பு வைக்கும் இடம் ஒன்று வேண்டும். முதல் தடவை அதை இணைப்பது கொஞ்சம் தலைவலி, வீட்டில் காலேஜ் பிள்ளை இருந்தால் உட்கார வையுங்கள். செட்டிங்கில் என்கிரிப்ஷனை ஆன் செய்தால், குறிப்புகள் பூட்டப்பட்ட நிலையில்தான் அங்கே ஏறும். அதற்கு ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், அதை மட்டும் காகிதத்தில் எழுதிக் கல்லாப்பெட்டியில் வையுங்கள்.

மாற்றியவுடன் பழைய கணக்கை அழித்துவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பழைய குறிப்பைத் திறந்து, படமும் எழுத்தும் முழுசாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பண்டிகை சீசன் முழுக்க இரண்டும் இருக்கட்டும்.

கேள்வி: மகன் ஐபோன் வாங்கிக் கொடுத்தான். அதில் எழுதுவதை வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் பார்க்க முடியுமா?
(வாசகர், ஆற்காடு)

பதில்: முடியும் ஐயா. கம்ப்யூட்டர் பிரவுசரில் ஐகிளவுட் தளத்தைத் திறந்து, உங்கள் ஆப்பிள் கணக்கில் நுழைந்தால் நோட்ஸ் இருக்கும். போனில் ‘ஐகிளவுட்’ என்ற தலைப்பின் கீழ் எழுதியவை மட்டும்தான் அங்கே வரும். ‘ஆன் மை ஐபோன்’ என்று இருப்பவை போனை விட்டு வராது. வேண்டியவற்றை ‘ஐகிளவுட்’ தலைப்பின் கீழ் நகர்த்திவிடுங்கள்.

கேள்வி: ஏடிஎம் பின், பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் நோட்ஸில் வைத்திருக்கிறேன். தப்பா?
(வாசகி, காட்பாடி)

பதில்: தப்புதான். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பின் நம்பர் மனசில் இருக்கட்டும். பாஸ்வேர்டுகளுக்குப் பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கிறது. இலவசக் கணக்கிலேயே போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் சிங்க் ஆகும். எடுத்த பிறகு நோட்ஸின் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள்.