பின்னல் வேலையும் மன அமைதியும்: கேள்வி பதில்

கேள்வி: நூலும் ஊசியும் வைத்துப் பின்னினால் மனசு அடங்கும் என்கிறார்களே, உண்மையா அக்கா?

பதில்: உண்மைதான். ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970களிலேயே இதன் அடிப்படையை ஆராய்ந்தார். ஒரு சொல்லையோ அசைவையோ திரும்பத் திரும்பச் செய்து, நடுவில் வரும் எண்ணங்களோடு மல்லுக்கட்டாமல் இருந்தால் மூச்சும் இதயத் துடிப்பும் நிதானமாகும் என்றார். பின்னலில் அந்த அசைவு கையிலேயே இருக்கிறது. 2013-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் 3,500-க்கும் மேற்பட்ட பின்னலாளர்கள் பதில் சொன்னார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் அதிக அமைதியையும் மகிழ்ச்சியையும் உணர்வதாகச் சொன்னார்கள். பின்னலை ஏற்கெனவே விரும்புகிறவர்கள் சொன்ன பதில் அது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு எரிச்சல்தான் வருகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: அனேகமாகக் கையில் எடுத்த வேலை கடினமானதாக இருக்கும். வரிக்கு வரி வரைபடத்தைப் பார்த்து எண்ண வேண்டிய டிசைன் மூளைக்கு நல்ல பயிற்சி, ஆனால் அமைதிக்கு உதவாது. கறுப்பு நூல், மெல்லிய நூல் இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். வெளிர் நிறத்தில் நடுத்தரத் தடிமனான நூல், 5 மி.மீ. குரோஷே ஊசி (முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசி), 20 கண்ணி (நூல் வளையம்) அகலத்தில் ஒரு சாதாரணப் பின்னல் துண்டு போதும்.

அடுத்து உங்கள் பிடியைப் பாருங்கள். நூலை இறுக்கிப் பிடித்தால் கண்ணி சுருங்கும், ஊசி முனை நுழையாது, இழை பிரிந்து பாதிதான் மாட்டும். நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், தோள் தானாக மேலே ஏறும். தோளை இறக்குங்கள். நூல் ஆள்காட்டி விரல் மேல் வழுக்கி ஓடட்டும். சிங்கிள் குரோஷே என்ற எளிய பின்னல் என்றால் ஊசியைக் கண்ணிக்குள் நுழை, நூலை மாட்டி இழு, மறுபடி மாட்டி ஊசியில் உள்ள இரண்டு கண்ணி வழியாகவும் இழு, அவ்வளவுதான். இது யோசிக்காமல் வர ஆரம்பித்ததும் வித்தியாசம் தெரியும். அதுவரை பொறுமையாக இருங்கள், ப்ளீஸ்.

கேள்வி: நிட்டிங்கா, குரோஷேவா? எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: குரோஷே. பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும், நழுவினாலும் உடனே பிடித்துவிடலாம். இரண்டு ஊசிகளால் பின்னும் நிட்டிங்கில் வரிசை முழுவதும் ஊசியில் நிற்கும். ஒன்று நழுவினால் கீழே இறங்கிக்கொண்டே போகும், புதியவர்கள் பதறிவிடுவார்கள். ஆனால் பழகிவிட்டால் பார்க்காமலே பின்ன நிட்டிங்தான் வசதி.

கேள்வி: டிவி பார்த்துக்கொண்டே பின்னலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் மனசு அலைபாயும் நாளில் டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பின்னிப் பாருங்கள்.

கேள்வி: மணிக்கட்டு வலிக்கிறதே?

பதில்: அரை மணிக்கு ஒருமுறை கீழே வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள். விரல் மரத்துப்போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உணவுக் கோளாறுக்காக மருத்துவமனையில் இருந்த 38 பெண்களுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்ததைப் பற்றி 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. முக்கால்வாசிப் பேர் பயமும் ஓயாத எண்ணங்களும் குறைந்ததாகச் சொன்னார்கள். அவர்களுக்குச் சிகிச்சை நடந்துகொண்டேதான் இருந்தது. மாத்திரையைக் குறைப்பது உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. பின்னுவதைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள், அடுத்த முறை போகும்போது நீங்கள் பின்னிய துண்டையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.