25,000 ரூபாய்க்குள் வீட்டுக்கு எந்த எஸ்பிரெசோ மெஷின் வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம் இது: வீட்டில் இரண்டு பேர், இதுவரை ஃபில்டர் காபிதான், இனிக் காலையில் கப்புச்சினோவோ லாட்டேவோ வேண்டும். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் '20 பார்' (பார் என்பது அழுத்தத்தின் அளவு) என்று பெட்டியில் போட்ட ஒரு மெஷினைக் காட்டி, இதுதான் சிறந்தது என்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 25,000 முழுவதையும் மெஷினில் போடாதீர்கள். பம்ப் வைத்த எளிய மெஷின் ஒன்றுக்கு 12,000 முதல் 15,000 வரை ஒதுக்குங்கள். கையால் சுற்றும் நல்ல க்ரைண்டருக்கு 8,000 முதல் 10,000. மிச்சத்தில் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றும் நல்ல காபிக்கொட்டையும் வாங்குங்கள். விலைகள் சலுகைக் காலத்தில் ஏறும், இறங்கும். ஆனால் இந்தப் பங்கீட்டை மாற்றாதீர்கள். கோப்பையில் நீங்கள் உணரப்போகும் வித்தியாசத்தில் பெரும்பகுதி க்ரைண்டரிலிருந்துதான் வரும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த 20 பார் விஷயம். எஸ்பிரெசோ என்பது வெந்நீரை நைஸான தூளுக்குள் பலமாக அழுத்தி இறக்கும் கெட்டிக் காபி. அது இறங்கத் தூளின் மேல் வேண்டிய அழுத்தம் சுமார் 9 பார். பெட்டியில் 15, 20 என்று அச்சடித்திருப்பது, தண்ணீர் வெளியேற வழியே இல்லாதபோது அந்த பம்ப் அதிகபட்சம் எவ்வளவு தள்ளும் என்ற கணக்கு. காபி இறங்கும்போது உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறும் என்பது தூள் எவ்வளவு நைஸாக இருக்கிறது, எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொரகொரவென்று அரைத்த தூளைப் போட்டால் 20 பார் மெஷினிலும் தண்ணீர் சர்ரென்று ஓடிவிடும். எனவே 15 போதும். 20 என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

ஆனால் '4 பார்', '5 பார்' என்று நாலைந்தாயிரம் ரூபாய்க்கு வரும் மெஷின்களைத் தொடாதீர்கள். அவற்றில் பம்ப் கிடையாது. மேலே திருகு மூடி போட்ட ஒரு சின்ன பாய்லர் இருக்கும். தண்ணீர் கொதித்து, அந்த ஆவியின் அழுத்தத்திலேயே தூளுக்குள் போகும். 1901இல் இத்தாலியின் லூயிஜி பெஸெரா காப்புரிமை வாங்கிய மெஷினும் ஆவியை நம்பித்தான் ஓடியது. காபியில் கருகல் வாசம் வருவது அந்த முறையின் குறை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அகில்லே காஜ்ஜா நெம்புகோலும் பிஸ்டனும் வைத்து, கொதிநிலைக்குக் கீழே இருக்கும் தண்ணீரைப் பலமாக அழுத்தித் தள்ளும் மெஷினைக் கொண்டுவந்தார். எஸ்பிரெசோவின் மேல் நிற்கும் பொன்னிற நுரையான கிரீமா அதிலிருந்துதான் வந்தது. 1961இல் வந்த ஃபாயெமா இ61 அந்த வேலையை மோட்டார் பம்பிடம் ஒப்படைத்தது. ஆவி மெஷின் வாங்குகிற காசில் மூன்றில் ஒரு பங்குக்கு மோக்கா பாட் கிடைக்கும். 1933இல் வந்த எளிய அலுமினியப் பாத்திரம் அது, அடுப்பிலேயே வைக்கலாம், காபியும் அந்த ஆவி மெஷினுக்குக் குறைந்ததாக இருக்காது.

சரி, எந்த மெஷின்? உங்கள் பட்ஜெட்டில் நான் பரிந்துரைப்பது டெலாங்கி ஸ்டிலோசா, அல்லது அதே வகையில் இந்திய நிறுவனங்கள் விற்கும் 15 பார் பம்ப் மெஷின்களில் ஒன்று. ஸ்டிலோசாவில் சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாய்லர், 51 மில்லிமீட்டர் போர்ட்டாஃபில்டர் (தூளைப் போட்டு மெஷினில் மாட்டும் கைப்பிடி). பிளாஸ்டிக் உடல்தான், அழகுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் வேலை செய்யும். கையில் இன்னும் கொஞ்சம் காசு சேர்ந்தால் டெலாங்கியின் டெடிகாவைப் பார்க்கலாம். 15 சென்டிமீட்டர் அகலம்தான், சமையல் மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும். தெர்மோபிளாக் (தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் அமைப்பு) என்பதால் ஒரு நிமிடத்துக்குள் சூடாகிவிடும். காலையில் அலுவலகம் கிளம்புகிறவர்களுக்கு இது பெரிய வசதி. எந்த மெஷின் வாங்கினாலும் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்த போர்ட்டாஃபில்டருக்கு ஒற்றைச் சுவர் பாஸ்கெட் தனியாகக் கிடைக்கிறதா?

இந்த பாஸ்கெட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போர்ட்டாஃபில்டருக்குள் தூளைத் தாங்கும் சின்னக் கிண்ணம்தான் பாஸ்கெட். மலிவு மெஷின்களோடு பெரும்பாலும் இரட்டைச் சுவர் பாஸ்கெட்தான் வரும். அடியில் ஒரே ஒரு சின்னத் துளை. தூள் எப்படி இருந்தாலும் அந்தத் துளையே அழுத்தத்தை உண்டாக்கி நுரையையும் கிளப்பிவிடும். கடையில் அரைத்த தூளை வைத்துத் தொடங்குகிறவர்களுக்கு இது உதவும். ஆனால் அந்த நுரையைப் பார்த்து காபி நன்றாக வந்திருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. பழைய தூளிலும் அதே நுரை வரும். ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டில் அடி முழுக்கத் துளைகள் இருக்கும். தண்ணீரை எதிர்த்து நிற்க வேண்டியது தூள் மட்டும்தான். அரைப்பு சரியாக இருந்தால் கிடைக்கும் சுவை வேறு தரம்.

இப்போது க்ரைண்டர். மிக்ஸியிலோ பிளேடு க்ரைண்டரிலோ அரைத்தால் ரவையும் மைதாவும் கலந்து வைத்த மாதிரி இருக்கும். தண்ணீர் தளர்வான இடத்தைத் தேடிப் பாய்ந்துவிடும், ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். பர் (கொட்டையை நடுவில் நசுக்கி ஒரே சீராக அரைக்கும் பற்கள்) வைத்த க்ரைண்டர்தான் வேண்டும், அதிலும் அரைப்பை மாற்ற எஸ்பிரெசோவுக்கு ஏற்ற நுண்ணிய படிகள் இருக்க வேண்டும். பலரும் வாங்கும் டைம்மோர் சி2 மற்ற காபிகளுக்கு அருமையானது. ஆனால் எஸ்பிரெசோவுக்கு அதன் படிகள் பெரியவை. ஒரு படியில் காபி பாயும், அடுத்த படியில் அடைத்துக்கொள்ளும். அதே நிறுவனத்தின் சி3 இஎஸ்பி, அல்லது கிங்க்ரைண்டர் கே6 போன்றவை இந்த வேலைக்குப் பொருந்தும். இரண்டு பேருக்கு அரைக்கக் காலையில் சில நிமிடம் கையைச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். இதே விலையில் கிடைக்கும் மின்சார க்ரைண்டர்களில் பெரும்பாலானவை எஸ்பிரெசோ அளவுக்கு நைஸாக அரைப்பதில்லை.

தொடங்குவதற்கு ஒரு கணக்கு: 15 கிராம் தூள், கோப்பையில் இறங்கும் காபி 30 கிராம், 25 முதல் 30 விநாடி. 15 விநாடியிலேயே இறங்கிவிட்டால் காபி புளிக்கும், இன்னும் நைஸாக அரையுங்கள். 40 விநாடி தாண்டிச் சொட்டினால் கசக்கும், கொஞ்சம் கொரகொரப்பாக்குங்கள். மற்ற எதையும் மாற்றாமல் அரைப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள், பதம் பிடிபட்டுவிடும். தூள் போடுவதற்கு முன் வெறும் போர்ட்டாஃபில்டரை மாட்டி ஒரு முறை வெந்நீர் ஓட விடுங்கள். சின்ன மெஷின்களில் சூடு போதாமல் போவதுதான் புளிப்புக்கு அடுத்த காரணம்.

ஃபில்டர் காபி வீடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: சிக்கரி கலந்த தூளை இந்த மெஷினில் போடாதீர்கள். சிக்கரி தண்ணீர் பட்டதும் களி போலாகி வழியை அடைக்கும். உங்கள் ஊரில் வறுத்து அரைத்துக் கொடுக்கும் காபித்தூள் கடை இருந்தால் அங்கேயே போங்கள். அரைக்காமல், சிக்கரி இல்லாமல், பீபெரி அல்லது பிளாண்டேஷன் ஏ கொட்டையாகக் கால் கிலோ கேளுங்கள். எந்த நாள் வறுத்தது என்றும் கேளுங்கள். வறுத்து ஒரு வாரம் ஆன கொட்டை நன்றாக இருக்கும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. அரைத்த தூளோ சில நாளிலேயே மணம் இழந்துவிடும். வீட்டில் யாராவது "தண்ணியா இருக்கே" என்று சொல்வார்கள், ஏனென்றால் சிக்கரி தரும் நிறமும் கனமும் இதில் இருக்காது. அவர்களுக்காக 20, 30 சதவீதம் ரோபஸ்டா என்ற கெட்டியான காபி ரகத்தைச் சேருங்கள். கிரீமாவும் கூடும், பாலை மீறிக் காபி தெரியும். இந்திய ரோபஸ்டாவை இத்தாலியர்களே தங்கள் கலவைகளுக்காக வாங்குகிறார்கள், தயங்க வேண்டியதில்லை.

பாலுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இந்த விலையில் காபியும், பாலை நுரைக்க வைக்கும் ஆவியும் ஒரே நேரத்தில் வராது. முதலில் காபியை இறக்குங்கள், அப்புறம் ஆவிக்கு மாற்றிக் காத்திருங்கள். ஆவிக் குழாயில் முதலில் வரும் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு குழாயைப் பாலில் வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலே நல்லது. வழக்கமாக 60, 65 டிகிரியில் நிறுத்துவார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது ஆறிப்போன காபி. 70 வரை கொண்டுபோகலாம், அதற்கு மேல் நுரை கெட்டுவிடும். அடுத்த காபி போடும் முன் கொஞ்சம் தண்ணீர் ஓடவிட்டு மெஷினைக் குளிரவைக்க மறக்காதீர்கள். பால் வேண்டாம், எஸ்பிரெசோ மட்டும் போதும் என்கிறவர்களுக்கு என் பதில் வேறு: ஃப்ளேர் மாதிரியான கை நெம்புகோல் கருவியை வாங்குங்கள். மின்சாரமே தேவையில்லை, வெந்நீர் இருந்தால் போதும், பழுதாக அதில் அதிகம் ஒன்றுமில்லை.

தண்ணீர் இன்னொரு விஷயம். போர்த் தண்ணீரை ஊற்றினால் சில மாதங்களில் உள்ளே உப்புப் படிந்து ஓட்டம் குறைந்துவிடும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாம், ஆனால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பத்து, இருபது என்று இருந்தால் காபி சப்பென்று இருக்கும். 75 முதல் 150க்குள் வைக்க முடிந்தால் மெஷினுக்கும் நல்லது, நாக்குக்கும் நல்லது. படிந்த உப்பை நீக்க அதற்கென்று விற்கும் திரவத்தையே பயன்படுத்துங்கள். வினிகர் வாசம் போகவே போகாது.

கடைசியாக மின்சாரம். ஸ்டிலோசா 1,100 வாட், சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே தாங்கும். டெடிகா சுமார் 1,300 வாட், அதற்கு மிக்ஸி ஓடும் பிளக்கைத் தராமல் 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் மெஷின் வாங்கி வரச் சொல்லும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. இவ்வளவு வாட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அதுவே பெரிய பெட்டியாக மேடையை அடைத்துக்கொள்ளும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வருகிறார்கள் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.